போன் உங்களுடையது, உள்ளே இருக்கும் மென்பொருள் யாருடையது?

தஞ்சையிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கடைவீதியில் நடந்தால் செல்போன் பழுது பார்க்கும் கடைகள் கண்ணில் படாமல் போகாது. "செட்டுக்கு சாப்ட்வேர் போட வேண்டும்" என்று கேட்டு அங்கே வருகிறவர்கள் பலர். போன் ஆமையாக நகர்கிறது. அல்லது பாதியில் நின்று விடுகிறது. கம்பெனியோ அந்த மாடலைக் கைகழுவிப் பல காலம் ஆகிறது. கடைக்காரர் செட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பழைய மென்பொருளைத் துடைத்து எடுக்கிறார். சில சமயம் கம்பெனியின் மென்பொருளையே புதிதாகப் பதிக்கிறார்; சில சமயம் வெளியார் தயாரித்த வேறொன்றைப் பதிக்கிறார். செட் பிழைத்துக் கொள்கிறது.

பார்வைக்குச் சாதாரண விஷயம்தான். ஆனால் இதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய போனுக்குள் கம்பெனி பதித்து அனுப்பும் ஃபர்ம்வேர் என்னும் மென்பொருளை மாற்றுவதற்குச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டா? அல்லது அது குற்றமா?

இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. நெல் போட்ட பணம் பாங்கியில் ஏறியது என்ற செய்தி போனில்தான் வருகிறது. விவசாயிகளுக்கான மத்திய சர்க்காரின் உதவித் தொகைக்கு அடையாளத்தைச் சரி பார்க்கும் ஓ.டி.பி.யும் போனில்தான் வருகிறது. மகன் கழித்த போன் தகப்பனார் கைக்கு வருவதும் வீடுதோறும் உள்ள வழக்கம். அந்தப் பழைய போனை இன்னும் இரண்டு வருஷம் ஓட வைக்கலாமா, அல்லது மூட்டை நெல்லை விற்றுப் புதிது வாங்க வேண்டுமா என்பது குடும்பக் கணக்கு.

சொந்தமா, குத்தகையா?

கம்பெனிகளின் வாதம் எளிது. "போனின் உடல் உங்களுக்கு விற்கப்பட்டது; உள்ளே இருக்கும் மென்பொருள் விற்கப்படவில்லை. அதை உபயோகிக்க அனுமதி மட்டுமே கொடுத்திருக்கிறோம்" என்கிறார்கள். சொந்த நிலத்துக்கும் குத்தகை நிலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காவிரிப் பாசனத்து மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நிலச்சுவான்தார் எழுதி வாங்கிய சீட்டே முடிந்த முடிவு அல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சீட்டுக்கு மேலே சட்டம் உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது. ஆகவே கம்பெனியின் நிபந்தனைகளோடு நின்றுவிடாமல், சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஐதராபாத் வழக்கு

இந்தியாவில் இந்த விஷயம் பெரிதாகக் கோர்ட்டுக்குப் போனது ஒரு கம்பெனிச் சண்டையில். 2003-ஆம் ஆண்டு வாக்கில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் கம்பெனி, சுமார் 10,500 ரூபாய் மதிப்புள்ள செட்டை முதலில் 3,350 ரூபாய் மட்டும் வாங்கிக் கொண்டு கொடுத்தது. மீதியை மாதா மாதம் கட்ட வேண்டும். அந்தச் செட் ரிலையன்ஸ் சேவையில் மட்டுமே ஓடும்படி அதன் மின்னணு எண் பூட்டப்பட்டிருந்தது. எதிர்க் கம்பெனியான டாடா இண்டிகாமின் ஊழியர்கள் அந்த எண்ணை மாற்றித் தங்கள் சேவைக்கு இழுத்துக் கொள்கிறார்கள் என்று புகார் எழுந்தது. வழக்குப் பதிவாயிற்று.

வழக்கை ரத்து செய்யக் கோரிய மனுக்களின் மீது ஆந்திரப் பிரதேச ஹைகோர்ட்டு 2005-ல் தீர்ப்பளித்தது. செல்போனும் சட்டத்தின் கண்ணில் ஒரு கம்ப்யூட்டரே என்றது. மோசடி, நம்பிக்கைத் துரோகம் ஆகிய குற்றச்சாட்டுகளைத் தள்ளியது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு, பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு ஆகியவற்றின் கீழ் விசாரணை தொடரலாம் என்றது.

இந்தத் தீர்ப்பைக் காட்டி, "போனைத் தொட்டாலே ஜெயில்" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. அங்கே மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்டது செட்டின் அடையாள எண். குற்றம் சாட்டப்பட்டவர்கள் செட்டின் சொந்தக்காரர்கள் அல்ல. போட்டிக் கம்பெனியின் ஆட்கள். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றும் கோர்ட்டு சொல்லவில்லை. சாட்சியத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்றே விட்டது.

தொடக் கூடாதது

ஆனாலும் அந்த வழக்கு ஓர் எல்லையைக் காட்டிவிட்டது. தன் நிலத்தில் எந்தப் பயிரும் வைக்கலாம். சர்வே கல்லைப் பிடுங்கி நடக் கூடாது அல்லவா? ஒவ்வொரு போனிலும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் இருக்கிறது. ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினால் அது திரையில் தெரியும். திருட்டுப் போன எந்தச் செட்டையும் முடக்குவதற்கு அதுவே ஆதாரம். அதுதான் போனின் சர்வே கல்.

இந்த எண்ணைத் திருத்துவதைத் தடை செய்து 2017-ல் விதிகள் வந்தன. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இன்னும் கடுமையானது: மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தன் சொந்தப் போன் ஆயிற்றே என்ற சமாதானம் இங்கே செல்லாது. பழுது பார்க்கும் கடைக்காரர்கள் இதைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

தொடக்கூடியது

எண்ணைத் தொடாமல் மென்பொருளை மட்டும் மாற்றினால்? சொந்தக்காரர் அப்படிச் செய்வது குற்றம் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு எதுவும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு தண்டிப்பது, சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் கை வைப்பவரைத்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, நியாயமாகப் பெற்ற மென்பொருளை வியாபார நோக்கமின்றிச் சொந்த உபயோகத்துக்காகப் பிரதி செய்யவும் மாற்றி அமைக்கவும் இடம் தருகிறது. 2012-ல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு பூட்டை உடைப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான். மேலும் ஆண்ட்ராய்டு போன்களின் அடித்தளமான லினக்ஸ், யாரும் திருத்திக் கொள்ளலாம் என்ற அனுமதியோடு வெளியிடப்பட்டது.

நஷ்டமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். கம்பெனி வாரண்டியை மறுக்கலாம். மாற்றிய செட்டில் பல பாங்கி ஆப்கள் ஓட மறுக்கும். யாரோ தயாரித்த மென்பொருளில் திருடனும் ஒளிந்திருக்கலாம். இவை எச்சரிக்கைகள், குற்றங்கள் அல்ல.

பேச வேண்டிய சட்டம்

அமெரிக்காவில் 2010-ல் போனின் பூட்டைத் திறந்து வேறு ஆப்களை ஓட்டுவதற்கு வெளிப்படையாக விலக்கு அளித்தார்கள். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்புத் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நம் நாட்டில் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகார இலாகா, பழுது பார்க்கும் உரிமையை வகுக்க ஒரு கமிட்டியை நியமித்தது. அது எடுத்துக் கொண்ட துறைகளில் செல்போனும் உண்டு, விவசாய யந்திரங்களும் உண்டு. இன்று போனுக்கு வரும் பூட்டு நாளை டிராக்டருக்கும் அறுவடை யந்திரத்துக்கும் வரும் என்பதை நினைத்தால் இதன் அவசியம் விளங்கும்.

சொந்தக்காரருக்குச் சட்டம் மறைமுகமாக இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் கூலி வாங்கிக் கொண்டு அதே வேலையைச் செய்து தரும் கடைக்காரரைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. "வியாபார நோக்கமின்றி" என்ற சொல் அவரைக் காப்பாற்றுமா, மாட்டிவிடுமா? வாடகைக் கடையில் உட்கார்ந்து உழைக்கும் ஓர் இளைஞனின் பிழைப்பு, வக்கீல்களின் வியாக்கியானத்தில் தொங்கக் கூடாது. அடையாள எண்ணைத் தொடாத வரையில், சொந்தக்காரர் கேட்டபடி போனைத் திருத்துவது குற்றமல்ல என்று ஒரே வரியில் சட்டம் சொல்லிவிட்டால் போதும். எல்லைக் கல் எங்கே என்று தெரிந்தால்தான் வரப்பில் சண்டை வராது.