பழைய டிராக்டர் வாங்குகிறீர்களா? மணி மீட்டரை நம்பி விலை பேசாதீர்கள்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 8 லட்சம் ரூபாய் உள்ள வண்டி, முன்பு வரியோடு 8,96,000 ரூபாய். இப்போது 8,40,000 ரூபாய். புது வண்டியில் 56,000 ரூபாய் இறங்கினால், பழைய வண்டியின் விலையும் இறங்கத்தான் வேண்டும். ஆனால் விற்பவர் லேசில் இறங்க மாட்டார். "வருஷம்தான் பழசு, ஓடினது வெறும் 2,300 மணி நேரம், மீட்டரைப் பாருங்க" என்பார். அந்த ஒரு எண்ணுக்காக நீங்கள் ஐம்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது.

டிராக்டருக்கு ஆண்டுக்கு 1,000 மணி நேரம் என்று கணக்கு வைப்பது வழக்கம். சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டுபவர் அதில் பாதிகூட ஓட்டாமல் இருக்கலாம். வாடகைக்கு விடுபவர் அதைத் தாண்டிவிடுவார். 15 வருட வண்டியில் 2,300 இருந்தால், மீட்டர் கேபிள் அறுந்து பல வருடம் அப்படியே ஓடியிருக்கலாம், இல்லையென்றால் மீட்டரையே மாற்றியிருக்கலாம். நான்கு இலக்க மீட்டராக இருந்தால் 9999 முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அப்போது அது 12,300 மணி நேரம்!

வண்டியோடு வந்த மீட்டர்தானா என்று பார்க்க, டேஷ்போர்டைச் சுற்றிப் பாருங்கள். மற்ற கேஜ்களின் கண்ணாடி மங்கி, இது மட்டும் பளிச்சென்று இருக்கிறதா? விளிம்பு வளையத்தில் ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பிய தழும்பு உண்டா? எண்கள் ஒரே கோட்டில் நிற்காமல் மேலும் கீழுமாக இருந்தால் கேள்வி கேளுங்கள். பிறகு கிளட்ச், பிரேக் பெடலின் தேய்மானம், ஸ்டியரிங் ஆட்டம், இழுவைக் கம்பியின் துளை அகன்றிருப்பது இவற்றைப் பாருங்கள். பெடல் ரப்பரையும் புதிதாகப் போட்டு மறைக்கலாம், துளையை அப்படி மறைப்பது கஷ்டம்.

மீட்டர் மாற்றியிருப்பது மட்டுமே ஏமாற்று ஆகிவிடாது. சில பழைய மாடல்களில் மீட்டர் கேபிள் டைனமோவின் பின்பக்கத்திலிருந்து வரும். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டால் கேபிளுக்கு இடமில்லாமல் மீட்டர் நின்றுவிடும். அதற்காக ஏதோ ஒரு மீட்டரை வாங்கி மாட்டுவார்கள். உண்மையான நஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழைய கேபிள் மீட்டர் கடிகாரம் அல்ல. இன்ஜின் சுற்றுகளைத்தான் எண்ணும். குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் ஓடினால்தான் அதில் ஒரு மணி நேரம் ஒரு மணியாக ஏறும். 1500 ஆர்.பி.எம்.முக்கு அமைத்த மீட்டர், 750இல் ஐட்லிங் ஓடினால் அரை மணிதான் காட்டும். கேபிள் எத்தனை சுற்றுக்கு எத்தனை ஆர்.பி.எம். என்ற விகிதமும் மாடலுக்கு மாடல் மாறும். பி.டி.ஓ. 540 என்ற குறியும் அப்படியே. சில இன்ஜினில் அது 1500 பக்கம் இருக்கும், சிலவற்றில் 1700ஐத் தாண்டும். வேறு மாடல் மீட்டரை மாட்டி அது 15 சதவீதம் குறைவாகக் காட்டினால், 540 என்று நினைத்து நீங்கள் 635இல் ஓட்டுவீர்கள். ரோட்டாவேட்டரோ, கதிரடிக்கும் இயந்திரமோ அதைத் தாங்காது. பேரிங்கும் கியரும் போன பிறகு கருவியின் மீது பழி போடுவோம்.

அதனால் கடைக்குப் போகும்போது பழைய மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். டயலின் அடியிலோ பின்புறத்திலோ பொடி எழுத்தில் பார்ட் நம்பர் இருக்கும். அந்த நம்பருக்குத்தான் வாங்க வேண்டும், "இதுவும் பொருந்தும்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். மாட்டிய பிறகு மெக்கானிக்கிடம் கைப்பிடி டாக்கோமீட்டர் இருந்தால் பி.டி.ஓ. வேகத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். அளக்கும்போது தண்டுக்குப் பக்கத்தில் வேட்டி, துண்டு எதுவும் வரக்கூடாது.

ஆயில் பிரஷரும் வெப்பமும் மணி மீட்டரைவிட முக்கியம். சாவி போட்டதும் ஆயில் விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் பிடித்ததும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கும், அல்லது யாரோ வயரைக் கழற்றிவிட்டார்கள். முள் கேஜ் இருந்தால் அதன் அளவைப் பாருங்கள்: ஒரு கேஜில் பி.எஸ்.ஐ. இருக்கும், இன்னொன்றில் கிலோ கணக்கு. 1 கிலோ ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ. இது தெரியாமல் "முள் நன்றாக நிற்கிறதே" என்று ஏமாறுபவர்கள் உண்டு.

வெப்ப கேஜில் பழைய வகைக்கு மெல்லிய குழாய் ஒன்று இன்ஜின் வரை போகும். அது ஒடிந்தால் பற்றவைத்துச் சரிசெய்ய முடியாது, முழுசாக மாற்ற வேண்டும். வயர் வகையில் சென்சாரும் கேஜும் ஒரே ஜோடியாக இருந்தால்தான் சரியாகக் காட்டும். சந்தேகம் வந்தால் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், முள் 100 டிகிரிக்குப் பக்கம் வர வேண்டும். ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியில் பழைய அம்மீட்டரை விட்டுவைப்பது தீ விபத்துக்கு வழி; அதன் கொள்ளளவுக்கு மேல் கரண்ட் ஓடும். அந்த இடத்தில் வோல்ட்மீட்டர் போட்டுக்கொள்ளலாம்.

மீட்டர் மாற்றும் அன்று பழைய ரீடிங்கையும் தேதியையும் ஆயில் மாற்றும் நோட்டில் எழுதி, கழற்றிய மீட்டரையும் வீட்டில் வைத்திருங்கள். நீங்கள் விற்கப்போகும்போது கேட்பார்கள்.