மழைக்காட்டு வாழ்வுக்கு ஆயத்தம்

தாவரவியல் பயிலும் மாணவர் சிலர் சிங்கராஜ வனத்தையடுத்துச் சில வாரம் தங்கி ஆராய விரும்புகின்றனர். போற்றத்தக்க விருப்பமே. சப்பிரகமுவ, தென் மாகாணங்களிற் பரந்து கிடக்கும் இம்மழைக்காடு 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெற்றே உட்செல்லலாம். அனுமதி கிடைத்ததும் என்னென்ன வாங்குவது என்ற கேள்வி எழும். அதற்கு முன் எதனை எதிர்க்கப் போகின்றோம் என்பதை உணர்தல் வேண்டும்.

வெயிலை நாம் அறிவோம். அங்கே பகைவன் ஈரம். ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பொழியும் இடம் அது. காற்று நீராவியால் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் உலராது; வியர்வை உலராவிடின் உடல் தணியாது. ஆகவே தாகம் தோன்றுமுன்னரே நீர் அருந்துக. முதல் வாரத்திற் கடும் உழைப்பைத் தவிர்த்து உடலைப் பழக்குக.

உடுப்பு மிகுதியாக வேண்டியதில்லை. விரைவில் உலரும் மெல்லிய முழுக்கை உடுப்பு பகலுக்கு. நீர் புகாத பையிற் கட்டிவைத்த உலர்ந்த உடுப்பு இரவுக்கு. காலையில் ஈர உடுப்பையே மீண்டும் அணிய மனம் கூசும். ஆயினும் இரவு உடுப்பைப் பகலில் நனைத்துவிட்டால் உறங்குதற்கு உலர்ந்த துணி இராது.

எல்லாவற்றிலும் மேலாகப் பேணவேண்டியவை பாதங்கள். அட்டைக்கு அஞ்சி, நெருங்க நெய்த நீண்ட காலுறையை எல்லோரும் வாங்குவர். தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் பெண்கள் காலிற் சவர்க்காரம் பூசி அட்டையைத் தடுக்கும் முறையும் நன்றே. ஆனால் அட்டையினும் கொடியது எலிக்காய்ச்சல். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் வாழும் கிருமி, கீறல் வழியாகவும் ஈரத்தில் ஊறி நைந்த தோல் வழியாகவும் உடலுட் புகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இந்நோய் புதிதன்று. ஆதலால் நாள்தோறும் மாலையிற் பாதங்களைக் கழுவித் துடைத்து உலர்த்துக. சிறு கீறலையும் மூடிக் கட்டுக. தடுப்பு மருந்து வேண்டுமா எனப் புறப்படுமுன்னரே வைத்தியரைக் கேட்டறிக.

திரும்பி வந்து சில வாரத்துட் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு என்பன தோன்றின் தாமதியாது வைத்தியரிடம் செல்க. காட்டிற் தங்கியதையும் சேற்றில் நடந்ததையும் மறவாது கூறுக. அவ்வொரு சொல் நோயை விரைவில் அறியத் துணைசெய்யும். காலந்தாழ்த்தின் சிறுநீரகம் பழுதுறலாம். டெங்குவும் காய்ச்சலாகவே தொடங்குமாதலின், அஸ்பிரின் போன்றவற்றைத் தாமாக உட்கொள்ளலாகாது.

பெற்றோரே, பிள்ளைக்கு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுக்குங்கால் மற்றொன்றையும் சொல்லிக் கொடுங்கள். மாணவனுக்கு அந்த ஈரம் சில வாரத்துச் சோதனை. அதே மாகாணத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைப்போருக்கோ அது ஆயுட்கால வாழ்க்கை. அவர்களுட் பலர் வெறுங்காலுடனோ தேய்ந்த செருப்புடனோ மலையேறுகின்றனர். தன் பாதத்தைக் காக்கக் கற்ற மாணவன் அவர் பாதங்களையும் நோக்கக் கற்பானாயின், அதுவே அப்பயணத்தின் சிறந்த பயன்.