யார் செய்த குற்றம்?

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்து மலைக்கோட்டையில் ஏறாதவர் நம்மில் யார்? ஐந்து ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் ஏறியபோது, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பியும் உடன் வந்தான். அவனுக்கு அப்போது ஏழு வயது. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கும்போது கைகளை முதலில் முழங்காலிலும் பிறகு தொடையிலும் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல் எழுந்தான். நாங்கள் சிரித்தோம், "சோம்பேறி" என்றும் சொன்னோம். அதை எழுத இன்று வெட்கமாயிருக்கிறது.

அவன் எழுந்த விதத்திற்கு மருத்துவ நூல்களில் ஒரு பெயரே உண்டு. லண்டன் மருத்துவர் கவர்ஸ் 1879ஆம் ஆண்டிலேயே அதை விவரித்திருக்கிறார். நோயின் பெயர் டுஷேன் தசைச்சிதைவு. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரக்கூடியது. தசை சுருங்கி விரியும்போது அதன் மேலுறை கிழியாமல் காப்பது டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம். அதை உண்டாக்கும் மரபணுவை 1986இல் கண்டறிந்தார்கள். அந்த மரபணுவில் பிழை நேர்ந்தால் புரதம் இல்லை. தசை சிறிது சிறிதாக அழிந்து, அவ்விடத்தில் கொழுப்பும் நாரும் சேரும். அதனால்தான் பிள்ளையின் கெண்டைக்கால் பருத்துத் தெரிகிறது. "எங்கள் பேரனுக்குப் பயில்வான் கால்" என்று அவன் பாட்டி பெருமைப்பட்டதை நாங்களே கேட்டிருக்கிறோம். பாவம், அது பலமன்று. பெரும்பாலும் பன்னிரண்டு வயதையொட்டி நடை நின்றுவிடும். பின்னர் இதயமும் மூச்சுத் தசைகளும் தளரும்.

நோயை விடக் கொடியது ஊர் வாய். கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாள் என்றார்கள். முன்வினை என்றார்கள். சற்றுப் படித்தவர்களோ, "தாய்மாமனைக் கட்டினாளே, அதுதான்" என்று தீர்ப்புக் கூறினார்கள். அந்த அம்மா மூன்று ஆண்டுகள் எந்த விசேஷ வீட்டுக்கும் போகவில்லை.

தோழியரே, உண்மை என்ன? இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழையிருந்தால் மற்றொன்று பெரும்பாலும் ஈடு செய்யும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாய் தந்தது. ஆகவே இந்நோய்க்கும் தாய் யாரை மணந்தாள் என்பதற்கும் தொடர்பில்லை. அசலில் கட்டியிருந்தாலும் இதுவே நேர்ந்திருக்கும். அதுமட்டுமா? பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தாயிடம் அந்தப் பிழையே இருப்பதில்லை. குழந்தையிடம் புதிதாகத் தோன்றுகிறது.

சொந்தத்தில் மணப்பது முற்றிலும் தீங்கற்றது என்று நாங்கள் வாதிட வரவில்லை. இடுப்பும் தோளும் தளரும் வேறு வகைத் தசைச்சிதைவுகள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குத் தாய் தந்தை இருவரிடமும் பிழை மறைந்திருக்க வேண்டும். உறவுத் திருமணத்தில் அதற்கு வாய்ப்பு மிகும். அவை பெண்களையும் விடுவதில்லை. சேலத்து சகோதரியர் வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும் தசைச்சிதைவோடு வாழ்ந்துகொண்டே, தங்களைப் போன்றோருக்காக ஆதவ் அறக்கட்டளையை நடத்தினார்கள். மூத்தவர் 2017இல் மறைந்தார்.

தம்பிக்காக வத்தலக்குண்டுப் பக்கம் இருந்த அரை ஏக்கரை விற்றார்கள். பணம் போனது எண்ணெய்க்கும் பச்சிலைக்கும். "படியேறிப் பழகு, சரியாகிவிடும்" என்று ஒருவர் விரட்டியதில் தசை மேலும் நொந்தது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லைதான். ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை நடையைச் சில ஆண்டுகள் நீட்டிக்கும். இதமான நீட்சிப் பயிற்சி மூட்டு மடங்கி இறுகுவதைத் தாமதப்படுத்தும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு தனியே இடம்பெற்றிருக்கிறது. மாநில அரசு மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் தருகிறது. இவையெல்லாம் நிலம் போன பிறகே அந்த வீட்டுக்குத் தெரிய வந்தன.

இப்போது அங்கே வேறொரு விவாதம். கோயம்புத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையத்தில் இந்நோய்க்கு மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் உண்டு. தம்பிக்கும் அம்மாவுக்கும் பார்த்தாயிற்று. பிழை அம்மாவிடம் இருக்கிறது. எனில் எங்கள் தோழியிடமும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு. "அவளுக்கும் பார்த்து வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்கிறார் அம்மா. அவர் பட்ட பாட்டை அறிந்த நாங்கள் அந்த அச்சத்தைக் குறை கூற மாட்டோம். ஆயினும் எங்கள் கருத்து வேறு. பிழையைச் சுமக்கும் பெண்ணின் இதயமும் சில வேளை தளரும். அதைக் கண்காணிக்கவேனும் அவள் அறிந்திருக்க வேண்டும். பிள்ளை பெறுவது பற்றி முன்கூட்டியே ஆலோசனை பெறவும் அது உதவும். ஆனால் பதினெட்டு நிரம்பிய பின் அவளே விரும்பிச் செய்துகொள்ள வேண்டும். முடிவை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதும் அவள் உரிமை. தரகருக்கோ தெருவுக்கோ அதில் பங்கில்லை. அவளுக்கு வருகிற ஆவணியில் பதினெட்டு. "யோசிக்கிறேன்" என்றாள். நாங்கள் வற்புறுத்தவில்லை.

தம்பி இப்போது ஏழாம் வகுப்பு. வகுப்பறை மாடியில் இருந்தது. ஓராண்டாக அப்பாதான் தூக்கிக்கொண்டு ஏறினார். சென்ற மாதம் நாங்கள் நால்வர் அவன் தலைமையாசிரியரைப் போய்க் கண்டோம். மறுநாளே வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார். "முன்பே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?" என்று எங்களையே கேட்டார்.