எந்த மே மாதம்?

ஒவ்வோர் ஆண்டும் நீட் முடிவு வெளியான மறுநாளிலிருந்து தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கேள்வி சுற்றி வரத் தொடங்குகிறது: "இன்னொரு வருஷம் எழுதிப் பார்க்கட்டுமா?" இந்தக் கேள்வியில் தவறில்லை, அது கேட்கப்படும் நேரம்தான் கோளாறு. ஏமாற்றமும் வீம்பும் உறவினர்களின் விசாரிப்பும் ஒன்றாகச் சேர்ந்து அழுத்தும் வாரம் அது. பயிற்சி மையங்களின் முழுப்பக்க விளம்பரங்கள் வருவதும் அதே வாரத்தில்தான். அந்த நெருக்கடியில் எடுக்கப்படும் முடிவு, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளையின் ஓராண்டையும் குடும்பத்தின் சேமிப்பில் பெரும் பங்கையும் எடுத்துக்கொள்கிறது. எந்த ஆண்டில் நீட் எழுதுவது, எத்தனை முறை எழுதுவது என்பதை முதல் தேர்வுக்கு முன்பே, பிளஸ் டூ தொடங்கும்போதே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும் என்பது என் வாதம். பிளஸ் டூ ஆண்டிலேயே முழுமூச்சாக ஒரு முறை, சில நிபந்தனைகள் பொருந்தினால் மட்டும் இன்னொரு முறை, அதோடு நிறுத்தம். ஏன் இப்படி என்று விளக்குகிறேன்.

முதலில் நாட்காட்டி. நீட் ஆண்டுக்கு ஒரே ஒரு பிற்பகலில் நடக்கும் தேர்வு. 2018 ஜூலையில், இனி ஆண்டுக்கு இருமுறை நடக்கும் என்று மத்திய அரசு அறிவித்தது. அடுத்த மாதமே பின்வாங்கியது. பெருந்தொற்றால் 2020, 2021 ஆண்டுகளில் செப்டம்பருக்கும் 2022இல் ஜூலைக்கும் போன தேர்வு, 2023 முதல் மே மாத முதல் ஞாயிறுக்குத் திரும்பியது. 2025இல் நம் மாநிலப் பொதுத்தேர்வு மார்ச் 25 அன்று முடிந்தது. நீட் மே 4 அன்று. இடையில் நாற்பது நாள். பக்கம் பக்கமாக விடை எழுதிப் பழகிய மாணவர், 180 நிமிடத்தில் 180 கொள்குறி வினாக்களுக்கு மாறிக்கொள்ளக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான். தேர்வுக்குப் பிந்தைய காலமோ இதற்கு நேர்மாறாக நீளும். 2024இல் மே 5 அன்று தேர்வு. ஜூன் 4 அன்று முடிவு. கருணை மதிப்பெண் சர்ச்சையால் 1,563 பேருக்கு ஜூன் 23 அன்று மறுதேர்வு. வினாத்தாள் கசிவு வழக்கில் தேர்வை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் ஜூலை 23 அன்று மறுப்பு. திருத்தப்பட்ட முடிவு ஜூலை 26 அன்று. முதலாண்டு வகுப்புகள் தொடங்க அக்டோபர். அதுவரை இடம் கிடைக்கும் என்று காத்திருந்து, பிறகு ரிப்பீட்டர் வகுப்பில் சேர்ந்தவருக்கு அடுத்த மே 4 வரை மிஞ்சியது ஏறத்தாழ ஏழு மாதம். 'ஒரு வருஷம்' என்று வாய் சொல்வது, தாமதமாக முடிவெடுப்பவருக்கு அரை வருடத்தைவிடச் சற்றே கூடுதல். முன்கூட்டியே முடிவெடுக்கச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

அடுத்து, ரிப்பீட்டர்கள் பற்றி எல்லோரும் மேற்கோள் காட்டும் புள்ளிவிவரம். நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் தமிழ்நாடு அரசிடம் அளித்த அறிக்கையின்படி, இங்கே எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்களின் பங்கு 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். முன்னது பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கை நடந்த கடைசி ஆண்டு. ஐந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியதை இந்த எண்கள் சொல்கின்றன. காசு கொடுத்துக் காலத்தை வாங்க முடிந்தவர்கள் பக்கம் சேர்க்கை சாய்ந்துவிட்டது என்று குழு கவலைப்பட்டதற்கு இது வலுவான சான்று. ஆனால் வீடுகளில் இந்த எண்ணுக்கு வேறொரு பொருள் பிறந்துவிட்டது: 'முதல் தடவை எழுதினால் கிடைக்காது, ரிப்பீட் பண்ணினால் கிடைத்துவிடும்.' அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. இடம் பெற்ற நூறு பேரில் எழுபத்தோரு பேர் மறுமுறை எழுதியவர்கள் என்றால், மறுமுறை எழுதிய நூறு பேரில் எத்தனை பேர் இடம் பெற்றார்கள் என்பது அதில் தெரியாது. அந்த எழுபத்தோரு பேருக்குப் பின்னால் முந்நூறு பேர் எழுதினார்களா, மூவாயிரம் பேர் எழுதினார்களா என்பதைப் பொறுத்து வாய்ப்பு முற்றிலும் மாறும். பயிற்சி மையத்தின் தட்டியில் ஜெயித்த முகங்கள் மட்டுமே இருக்கும். அதே வகுப்பில், அதே கட்டணம் செலுத்தி, அதே விடுதியில் தங்கிப் படித்து இடம் கிடைக்காதவர்களின் எண்ணிக்கையை எந்தத் தட்டியும் சொல்வதில்லை. சேரும் முன் பெற்றோர் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்: "போன வருஷம் இந்த பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு அரசு இடம் கிடைத்தது?"

'நீட் பாஸ்' என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. 2025இல் தேர்வு எழுதிய 22 லட்சத்துச் சொச்சம் பேரில் 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒன்றேகால் லட்சத்தைச் சுற்றித்தான். அதில் ஏறத்தாழப் பாதிதான் அரசுக் கல்லூரிகளில். ஓர் இடத்துக்குத் தகுதி பெற்றவர்களே பத்துப் பேர் இருக்கும்போது, 'பாஸ் ஆகிவிட்டான், கொஞ்சத்தில் போய்விட்டது' என்ற ஆறுதல் பெரும்பாலும் உண்மையல்ல. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை மதிப்பெண்ணில் அளப்பதும் பயன் தராது. பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 2022இல் 117, 2023இல் 137, 2024இல் 162, 2025இல் 144. 2024இல் திருத்தத்துக்குப் பிறகும் பதினேழு பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள். 2025இல் முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண்ணே 686. வினாத்தாளின் கடுமை ஆண்டுக்கு ஆண்டு இப்படி மாறும்போது, 'போன தடவை எடுத்ததைவிட ஐம்பது மார்க் கூட எடுத்தால் போதும்' என்று திட்டமிடுவது நகரும் இலக்கைப் பழைய குறியில் சுடுவது. பார்க்க வேண்டியது மாநிலத் தரவரிசையை. அதிலும் தன் ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி அரசு இடம் எந்த எண்ணில் முடிந்தது, தான் எங்கே நிற்கிறோம் என்பதை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதால் அவர்களுடைய கணக்கே தனி. பொதுப் போட்டியில் எட்டாத தொலைவாகத் தெரியும் ஒரு மதிப்பெண், அந்த ஒதுக்கீட்டில் இடத்துக்கு அருகில் இருக்கலாம்.

அப்படியானால் மறு ஆண்டு யாருக்குப் பலன் தரும்? மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதில் இதற்கான பதில் இருக்கிறது. தவறவிட்ட வினாக்களை ஒரு தாளில் பிரித்து எழுதிப் பார்த்தால் பொதுவாக மூன்று வகை தென்படும்: படிக்கவே நேரம் கிடைக்காத பாடங்கள், படித்தும் பிடிபடாத பாடங்கள், தெரிந்தும் அவசரத்தில் தவறாகக் குறித்தவை. சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு என்ற கணக்கில் மூன்றாம் வகை இரட்டை நட்டம். முதல் வகையும் மூன்றாம் வகையும் மிகுந்திருந்தால் இன்னொரு ஆண்டு உண்மையிலேயே கைகொடுக்கும். பொதுத்தேர்வுக்கே முழு உழைப்பையும் கொடுத்துவிட்டு நாற்பது நாள் கிராஷ் கோர்ஸோடு தேர்வு எழுதப் போனவர்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவினர். ஆனால் பிளஸ் ஒன்னிலிருந்தே ஒருங்கிணைந்த பயிற்சி எடுத்து, மாதிரித் தேர்வுகள் பல எழுதி, அவற்றில் எடுத்த அதே அளவை நீட்டிலும் எடுத்தவருக்கு விடுபட்டது காலம் அல்ல. உயிரியலின் 360 மதிப்பெண்ணில் பெரும்பகுதியைப் பெற்று இயற்பியலின் 180இல் தொடர்ந்து தடுமாறுபவருக்கு அடிப்படைக் கணிதமே இடறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதே வகுப்பு, அதே பாடக்குறிப்பு, அதே முறை என்று இன்னொரு ஆண்டு உட்கார்ந்தால் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வார். நான்காவதாக ஒரு வகையும் உண்டு. அதை எந்த விடைத்தாளும் காட்டாது. மருத்துவம் படிக்கும் ஆசை பெற்றோருடையதாக மட்டும் இருந்தால், எத்தனை மே மாதங்கள் வந்தாலும் அந்தக் குறை தீராது.

'சரி, இரண்டாவது முறையோடு ஏன் நிறுத்த வேண்டும்?' என்று கேட்கலாம். சட்டப்படி நிறுத்த வேண்டியதில்லை. 2017இல் மூன்று முறை என்ற வரம்பு பேசப்பட்டது, அது நிலைக்கவில்லை. உச்ச வயது வரம்பையும் 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் நீக்கியது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் பதினேழு வயது நிரம்பியிருந்தால் போதும். அதற்குப் பிறகு எந்த வயதிலும் எத்தனை முறையும் எழுதலாம். மற்ற பெரிய நுழைவுத் தேர்வுகள் இப்படி இல்லை. ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த ஈராண்டுகளில் இரண்டு முறைதான் எழுத முடியும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் தேர்வு ஆண்டில் பல நாட்களில் நடந்தாலும், ஓராண்டில் மூன்று, ஈராண்டில் நான்கு, வாழ்நாளில் ஏழு என்று வரம்பு உண்டு. அந்த வரம்புகள் மாணவரை எழுதுவதற்கு முன் யோசிக்க வைக்கின்றன: 'தயாராகிவிட்டேனா, இந்த வாய்ப்பை இப்போது செலவழிக்கலாமா?' வரம்பில்லாத இடத்தில் அந்த யோசனை எழுவதில்லை. ஒவ்வொரு தோல்வியும் அடுத்த விண்ணப்பத்துக்கான காரணமாக மட்டுமே மாறுகிறது. தேர்வு விதிக்காத வரம்பை வீடு விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் மறு ஆண்டில் நேரமின்மை என்ற குறை சரியாகிவிடும்; அதன் பிறகும் இடம் எட்டவில்லை என்றால் இன்னொரு ஆண்டு சரிசெய்யக்கூடிய குறை அநேகமாக மிச்சமிருக்காது. இரண்டாவது முறையில் இடத்தின் வாசலுக்கே வந்துவிட்டவர், அல்லது நோயால் ஓராண்டை இழந்தவர் என்ற விதிவிலக்குகளை ஏற்கலாம். விதிவிலக்கைக் கோருபவர் கையில் தரவரிசை எண் இருக்க வேண்டும். நம்பிக்கை மட்டும் போதாது.

இதற்கு எதிராக இரண்டு ஆட்சேபங்கள் வரும், இரண்டும் கனமானவை. ஒன்று, 'ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மேலே மூன்றாண்டு முதுநிலை, பிறகு நாற்பதாண்டு தொழில். இதில் ஓராண்டு என்ன பெரிது?' என்பது. இடம் கிடைத்துவிட்ட ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொன்னால் இது உண்மைதான். முடிவெடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. இடம் கிடைக்காத வாய்ப்பையும் சேர்த்தே அவர் கணக்கிட வேண்டும். நண்பர்கள் கல்லூரிக்குப் போய்விட, மூடிய விடுதியில் வாராந்திரத் தேர்வின் தரவரிசைப் பட்டியலோடு கழியும் ஓராண்டு மனத்தளவில் வேறு எந்த ஆண்டையும் போன்றதல்ல. மேலும் 'ஓராண்டுதானே' என்ற வாதம் மூன்றாவது, நான்காவது ஆண்டுக்கும் அப்படியே பொருந்தும். எங்கே நிறுத்துவது என்று சொல்லாத வாதத்தை வைத்துத் திட்டமிட முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: 'வரம்பு போடச் சொல்வது வசதியுள்ளவர் பேச்சு. முதல் முறையிலேயே ஜெயிக்க, பிளஸ் ஒன்னிலிருந்து பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மறு ஆண்டுதானே உண்மையான முதல் ஆண்டு?' இதில் உள்ள நியாயத்தை மறுக்க முடியாது. அதனால்தான் இந்த வரம்பைச் சட்டமாக்கச் சொல்லவில்லை. சட்டமாக்கினால் அது ஏழைகளையே முதலில் அடிக்கும். நான் சொல்லும் நிபந்தனையின்படி பார்த்தாலும், மறு ஆண்டுக்கு எல்லோரையும்விட அதிகத் தகுதியுள்ளவர் அந்தப் பிள்ளைதான்: குறை நேரத்தில், உள் ஒதுக்கீட்டின் துணையும் உண்டு. ஆனால் அந்த ஆண்டின் செலவைத் தாங்க முடியாதவரும் அவரே. உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றவரின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. இடத்துக்கு மிக அருகில் வந்து நின்றவரின் மறு ஆண்டையும் உணவு, விடுதி, பயிற்சியோடு ஏற்பதே முறை. நீட் வேண்டாம் என்ற சட்டப் போராட்டம் தொடரட்டும். அது முடியும் வரை காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடாவது வேண்டும்.

மாற்று வழிகளைப் பற்றியும் பிளஸ் டூ தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். கால்நடை மருத்துவத்துக்கும் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் வேளாண்மைக்கும் மாநிலச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு நடந்துவந்திருக்கிறது. சித்த மருத்துவத்துக்கு நீட் தகுதி மதிப்பெண் வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேரும் படிப்புகளுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், எம்.பி.பி.எஸ். கலந்தாய்வு தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. 'நீட் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போடலாம்' என்று விட்டவருக்கு ஆகஸ்டில் மறு ஆண்டைத் தவிர வேறு வழி தெரியாது. விருப்பத்தால் அல்லாமல் கதவுகள் மூடியதால் ரிப்பீட்டர் ஆனவர்கள் அவர்கள். நீட்டுக்காகப் பொதுத்தேர்வைக் கைவிடுவதும் இதே காரணத்தால் ஆபத்து. பிளஸ் டூ மதிப்பெண்தான் மற்றக் கதவுகளின் சாவி.

ஆகவே, இந்த ஆண்டு பிளஸ் டூ போகும் பிள்ளையுள்ள வீடுகளுக்கு ஒரு யோசனை. ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிப் பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திடுங்கள்: முதல் முறையை ஒத்திகையாக நினைக்க மாட்டோம், எந்தத் தரவரிசைக்குள் வந்தால் மறுமுறை, வராவிட்டால் எந்தப் படிப்பு, மறு ஆண்டு என்றால் கலந்தாய்வின் கடைசிச் சுற்றுக்குக் காத்திராமல் ஜூலைக்குள் தொடக்கம், இரண்டாவது முடிவுக்குப் பிறகு எதுவானாலும் கல்லூரி. ஜூன் மாதத்தில் மனம் தடுமாறும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம். தகுந்த காரணம் இருந்தால் திருத்தவும் செய்யலாம். அப்போது திருத்தத்துக்கான காரணத்தைச் சொல்ல வேண்டிய பொறுப்பாவது வீட்டுக்கு வரும். இன்று அந்தப் பொறுப்பை யாரும் ஏற்பதில்லை. விளம்பரம் அழைக்கிறது, பிள்ளை போகிறது.