எண்ணும் உலோகமும்

வீட்டு எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் ஒருநாள் புளிப்பையும் மறுநாள் கசப்பையும் தரும்போது நாம் முதலில் காப்பிக்கொட்டையைச் சந்தேகிக்கிறோம். பிறகு அரைத்த பதத்தை. வெப்பத்தை நினைப்பதே இல்லை.

காப்பித்தூளைத் தொடும் நீர் ஏறத்தாழ 90 முதல் 96 டிகிரி செல்சியஸுக்குள் இருத்தல் வேண்டும். குறைந்தால் புளிப்பு மேலோங்கும், மிகுந்தால் கசப்பு. எளிய இயந்திரங்களின் தெர்மோஸ்டாட்டோ கொதிகலன் சில டிகிரி ஆறிய பின்னரே ஹீட்டரை இயக்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் நாம் பொத்தானை அழுத்திய கணமே சுவையைத் தீர்மானித்துவிடுகிறது.

இதற்குப் பி.ஐ.டி. கருவியே தீர்வு என்கிறார்கள். கப்பலில் சுக்கான் பிடிப்பவர் விலகலை மட்டுமன்றி அதன் வேகத்தையும் கணித்தே திருத்துகிறார் எனக் கண்டு, நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922இல் வகுத்த கோட்பாடு அது. கொதிகலனை அது நன்றாகவே ஆள்கிறது. ஆயினும் திரையில் ஒளிரும் எண் கொதிகலனுடையது. தூளைத் தொடும் நீருடையது அன்று. இடையிலுள்ள உலோகம் குளிர்ந்திருந்தால் வெப்பம் வழியிலேயே களவுபோகும். 1961இல் வந்த ஃபேமா இ61, கனத்த பித்தளைத் தலைப்பகுதிக்குள் வெந்நீரை இடையறாது சுழலவிட்டது இதனால்தான்.

ஆகவே, பணத்தைச் செலவிடுமுன் பொறுமையைச் செலவிடுவோம். வடிகட்டிக் கைப்பிடியைப் பூட்டியபடியே இயந்திரம் அரைமணி நேரம் சூடாகட்டும். பிறகு, ஹீட்டரின் விளக்கு எரியும்வரை வெறும் நீரை வடித்து, அது அணைந்ததும் நொடிகளை எண்ணி, நாள்தோறும் அதே எண்ணிக்கையில் தொடங்குவோம். அதன்பிறகும் சுவை தடுமாறினால் கருவி வாங்கலாம்.