குடிகாரர் சொன்ன உண்மை

1962-ம் ஆண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாகா என்று ஒரு நகரம். அங்குள்ள ஆஸ்பத்திரியில், குடியினால் உடல் கெட்டுப்போன ஒருவர் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். நடுக்கமும் பிதற்றலும் தணிந்த பிறகு, ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தம் குடும்பத்தில் எல்லோரும் புற்றுநோயில் இறந்து போனதாகவும், தாமும் அப்படித்தான் சாகப்போவதாகவும், அதனால்தான் குடிப்பதாகவும் அவர் சொன்னார்.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். ஆனால், அங்கே பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒரு டாக்டர் அந்தப் பேச்சை விடவில்லை. அவர் பெயர் ஹென்றி லிஞ்ச்.

இந்த லிஞ்ச் சாதாரண ஆள் அல்ல. 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். 16 வயதில், வயதை மறைத்துக் கப்பற்படையில் சேர்ந்தவர். யுத்தம் முடிந்ததும் குத்துச்சண்டை போட்டவர்! பிறகுதான் படிப்பில் இறங்கினார். பரம்பரைக் குணங்களைப் பற்றிய சாஸ்திரத்தைப் படித்தார். 1960-ல் டாக்டர் ஆனார்.

அவர் அந்த நோயாளியின் உறவினர்களைத் தேடிப் போனார். ஆனி கிரஷ் என்ற சமூக ஊழியர் அவருக்குத் துணை. யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது, எப்போது இறந்தார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். நோயாளி சொன்னது பொய் அல்ல. பெருங்குடலிலும் கருப்பையிலும் புற்றுநோய்! அதுவும் இளவயதிலேயே! மிச்சிகன் மாநிலத்தில் இதேபோல் இன்னொரு குடும்பமும் இருந்தது. 1966-ல் இரண்டையும் சேர்த்து வெளியிட்டார்கள்.

உலகம் நம்பவில்லை. சுற்றுப்புறம்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்று நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1970-ல் லிஞ்ச் அரசாங்கத்திடம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. அவர் சளைக்காமல் குடும்பங்களின் கணக்கை எழுதிக்கொண்டே இருந்தார்.

இதே கதை முன்பும் ஒருமுறை நடந்திருக்கிறது. 1895-ல் மிச்சிகனில் ஆல்டிரட் வார்த்தின் என்ற டாக்டரிடம், அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண், தான் புற்றுநோயில் சாகப்போவதாகக் கூறி வருந்தினாள். அவள் உறவினர் பலர் அப்படித்தான் இறந்திருந்தார்கள். அவளும் இளவயதிலேயே கருப்பைப் புற்றுநோயில் இறந்தாள். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் கணக்கை 1913-ல் வெளியிட்டார். அதைத்தான் லிஞ்ச் பின்னால் எடுத்துத் தொடர்ந்தார். தையல்காரியும் குடிகாரரும் படித்துத் தெரிந்துகொண்டதை அல்ல, சொந்த வீட்டில் பிணம் விழக் கண்டதைச் சொன்னார்கள். அதைக் கேட்க ஒரு டாக்டருக்குக் காது இருந்தது. அதுதான் அபூர்வம்.

1993-லும் 1994-லும் விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது, அதற்குள் இருக்கும் பரம்பரை எழுத்து முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. நகலில் பிழை வரும். பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துவோர் இருப்பதுபோல, அணுவுக்குள்ளும் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. அந்த வேலைக்குத் தாய்வழி ஒருவர், தந்தைவழி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பங்களில் ஒருவர் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. எங்கோ ஓர் அணுவில் மற்றவரும் கெட்டுப்போனால் பிழைகள் குவிகின்றன. புற்றுநோய் பிறக்கிறது. இந்தக் கோளாறுக்கு இன்று லிஞ்ச் நோய் என்றே பெயர்.

பெருங்குடல் புற்றுநோய் வந்த 100 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் இது காரணம். ஆகவே எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. கோளாறு உள்ளவரின் பிள்ளைகளுக்கும் அது கட்டாயம் வரும் என்பதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

தெரிந்து என்ன பயன்? பின்லாந்து நாட்டில் இத்தகைய குடும்பங்களை 15 ஆண்டுகள் கவனித்தார்கள். 133 பேருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, விளக்குப் பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திக் குடலைப் பார்த்தார்கள். முளைகள் இருந்தால் அப்போதே அகற்றினார்கள். அவர்களில் 8 பேருக்குக் குடல் புற்றுநோய் வந்தது. அதனால் ஒருவர்கூட இறக்கவில்லை. சோதனை செய்துகொள்ளாத 119 பேரில் 19 பேருக்கு வந்தது. 9 பேர் இறந்தார்கள்! இப்போது டாக்டர்கள் இன்னும் குறுகிய இடைவெளியில் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆனால் குழாயும் இரத்தச் சோதனையும் பிறகுதான். முதலில் யாராவது வாய் திறக்க வேண்டுமே! அம்மா எதில் இறந்தாள், பெரியப்பா எதில் இறந்தார் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. "வயிற்றுக் கோளாறு" என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று தாங்களே தீர்மானித்துக்கொள்கிறார்கள். நெருங்கிய இரத்த உறவில் இரண்டு மூன்று பேருக்கு, அதிலும் 50 வயதுக்குள், குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். கேட்காத டாக்டரின் பேரிலும் குற்றம் உண்டு.

லிஞ்ச் 2019-ல் தமது 91-வது வயதில் காலமானார். மிச்சிகன் தையல்காரியின் வம்சம் இன்றும் இருக்கிறது. 2000-ம் ஆண்டில் அந்தக் குடும்பத்தின் கோளாறு எது என்று கண்டுபிடிக்கப்பட்டது. 900-க்கும் மேற்பட்ட வாரிசுகளின் கணக்கை எடுத்திருக்கிறார்கள். கோளாறு உள்ளவர்கள் சோதனைக்குப் போகலாம். இல்லாதவர்கள், ஊரில் மற்றவர்களைப்போல் இருக்கலாம்.