தாங்கும் சக்திக்கும் ஓர் எல்லை

‘மனம் உண்டானால் மார்க்கம் உண்டு’ என்பது பழமொழி. மன உறுதி இருந்தால் எவ்வளவு தூரமும் ஓடலாம் என்று எண்ணுகிறோம். ஆனால் உடல் செலவிடும் சக்திக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்கிறது விஞ்ஞானம்.

2015-ஆம் ஆண்டில் ஒரு சிறு குழுவினர் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வாஷிங்டன் நகர் வரை ஓடினர். வாரத்திற்கு ஆறு மாரத்தான்கள். ஒவ்வொன்றும் 42 கிலோமீட்டர். இவ்வாறு ஏறத்தாழ 20 வாரங்கள்! டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் பாண்ட்சர் முதலிய அறிஞர்கள் இவர்கள் செலவிட்ட சக்தியை அளந்து, 2019-இல் முடிவை வெளியிட்டனர்.

சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் சக்தி செலவாகிறது அல்லவா? சில மணி நேரம் ஓடுபவர் அதைப்போல் பல மடங்கு செலவிடலாம். மாதக்கணக்கில் உழைப்பவரோ சுமார் இரண்டரை மடங்கைத் தாண்டி நிலைத்து நிற்க இயலாது. ஒரு நாளில் உணவிலிருந்து உடல் பெறக்கூடிய சக்திக்கு வரம்பு இருப்பதே காரணம் என்பது அவர்கள் கருத்து. அதற்கு மேல் செலவிட்டால் உடல் தன் சேமிப்பைக் கரைத்து மெலியும்.

இனி வருவதுதான் வியப்பு. கருவுற்ற தாயின் உடல் ஏறத்தாழ 2.2 மடங்கு சக்தியைச் செலவிடுகிறது என்றும் அவர்கள் குறிப்பிட்டனர். கண்டம் கடந்து ஓடியவர்கள் தொட்ட எல்லைக்கு அருகில், கைதட்டலும் பதக்கமும் இன்றி, ஒன்பது மாதங்கள் வாழ்கிறாள் தாய்!

1928 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப் போனார்கள் என்று கூறி, அப்போட்டியை 1960 வரை நீக்கி வைத்தனர். பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பெண்ணின் உடல் நெடிய உழைப்பைத் தாங்காது என்றவர்கள், தம்மைச் சுமந்தவளை மறந்துவிட்டனர் போலும்!

தோழியரே, எல்லை இருப்பது இழிவன்று. அதை அறியாமல் உடலை வருத்துவதே அறியாமை. விளையாட்டு வீராங்கனைக்குப் பயிற்சியைப் போலவே உணவும் ஓய்வும் கடமை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை உண்ணும் தாயின் வழக்கத்தைத் தியாகம் என்று புகழ்ந்தது போதும். சுவர் இருந்தால்தானே சித்திரம்? அவளையும் நம்முடன் பந்தியில் அமர்த்துவோம்; அவள் இலையில் முதலில் பரிமாறுவோம்!